1719இல் கட்டிய ஹெர் வீடு: எது பழையது, எது புதிது?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவில் லாங்காஸ்டர் பக்கம் குடும்பத்தோடு போனபோது, 1719இல் ஜெர்மானியக் குடியேறிகள் கட்டிய ஒரு கல்வீட்டைப் பார்த்திருக்கிறார். வாசல் நடுவில் இல்லை. ஜன்னல்கள் சின்னச் சின்னதாக, ஒழுங்கில்லாத இடங்களில் இருக்கின்றன. கூரை முகட்டின் நடுவாக்கில் ஒரு பெரிய புகைபோக்கி மட்டும் நிற்கிறது. அப்புறம், 1970களில் இதைப் பழுதுபார்த்தார்கள் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ‘அப்படியானால் நான் பார்த்தது 300 வருஷத்து வீடா, 50 வருஷத்து வீடா? கட்டினவர்களுக்கு அளவு பார்த்துக் கட்டத் தெரியாதா, இல்லை அவசரத்தில் கட்டினதா?’ என்பது அவர் கேள்வி. பார்த்தால் இரண்டு கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அந்த வீட்டு அடுப்பில். அடுப்பு எங்கே இருந்தது, அதன் சூடு எந்த அறைக்குப் போனது என்று புரிந்துவிட்டால் வாசலும் ஜன்னலும் ஏன் அங்கே இருக்கின்றன என்பது புரியும். 1970களில் வேலை செய்தவர்கள் எதை வைத்துக்கொண்டு பழைய உருவத்தைத் தேடியிருப்பார்கள் என்பதும் புரியும்.

என்னைப் பற்றி ஒரு வரி. பழைய கல் கட்டடங்களையும் மரக் கட்டடங்களையும் அளந்து, எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்று பிரித்துப் பார்த்துப் பழுதுபார்ப்பது என் தொழில். கிழக்குப் பென்சில்வேனியாவில் இதே வகை வீடுகளில் பல வருஷம் வேலை செய்திருக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்கும் வீட்டைப் பழுதுபார்த்த குழுவில் நான் இல்லை. அங்கே மற்றவர்களைப் போல டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்ததுதான். அதனால் இந்த வீட்டைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததையும், இதே வகை வீடுகளை வைத்து நான் ஊகிப்பதையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் உறுதியானவை. நீங்கள் பார்த்தது ஹான்ஸ் ஹெர் வீடு. லாங்காஸ்டர் நகருக்குத் தெற்கே வில்லோ ஸ்ட்ரீட் என்ற ஊரை ஒட்டி, வெஸ்ட் லாம்பெட்டர் எல்லைக்குள் இருக்கிறது. மணற்கல் சுவர், ஏறத்தாழ 38 அடிக்கு 31 அடி, ஒன்றரை மாடி உயரம். அடுத்த முறை போனால் வாசல் நிலைக்கு மேலே இருக்கும் கல்லை நிதானமாகப் பாருங்கள். ஒரு பக்கம் 17, இன்னொரு பக்கம் 19, நடுவில் சி.ஹெச்., ஹெச்.ஆர். என்ற எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கும். அது கிறிஸ்டியன் ஹெர் என்ற பெயர். வீட்டைக் கட்டியவர் அவர்தான். ஹான்ஸ் ஹெர் அவருடைய அப்பா. வருஷம் செதுக்கிய கல்லை மட்டும் நம்பி எந்த வீட்டுக்கும் நான் வயது சொல்ல மாட்டேன். பிற்காலத்தில் பெருமைக்காகப் பதித்த கற்களும், வேறு கட்டடத்திலிருந்து கழற்றி வந்த கற்களும் எத்தனையோ உண்டு. இங்கே அந்தக் கல் சுவரில் ஒட்டவைத்த பலகை மாதிரி இல்லை. வாசலுக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்குகிற மேற்கல்லே அதுதான். சுவரைக் கட்டும்போதே வைத்தால்தான் உண்டு. லாங்காஸ்டர் மாவட்டத்தில் இன்றும் நிற்கும் வீடுகளில் இதுதான் மிகப் பழையது. மாவட்டம் என்று ஒன்று உருவானதே 1729இல்தான், வீடு அதற்குப் பத்து வருஷம் முந்தையது.

அப்பா பெயர் ஏன் வீட்டுக்கு வந்தது என்றால், ஹான்ஸ் ஹெர் அந்தக் குடியேற்றத்தின் மூத்த தலைவர். 1639இல் பிறந்தவர், வீடு எழும்பியபோது 80 வயது. 1725இல் காலமானார். அந்த ஆறு வருஷம் இந்த வீட்டில் மகனோடு இருந்தார் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வருவது. நடந்திருக்கக்கூடியதுதான், ஆனால் அதை மேற்கல்லில் செதுக்கிய எழுத்துக்குச் சமமான சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் இன்றும் நிற்பவற்றில் மிகப் பழைய மென்னோனைட் (ஹெர் குடும்பம் சேர்ந்த கிறிஸ்தவப் பிரிவு) தொழுகைக்கூடம் இது என்று சொல்வதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தனியாகக் கோயில் கட்டியதாக அதற்கு அர்த்தம் இல்லை. அப்பாவும் மகனும் சபைப் போதகர்கள். இந்தப் பக்கத்தில் ஆரம்ப வருஷங்களில் சபையார் யாராவது ஒருவர் வீட்டில் கூடித் தொழுதார்கள், இந்த வீடும் அப்படிப் பயன்பட்டது.

இவர்கள் யார் என்பதை அரைப் பக்கத்தில் அடக்குவது கஷ்டம், இருந்தாலும் முயற்சி செய்கிறேன். ‘ஜெர்மானியர்’ என்று பொதுவாகச் சொல்கிறோம், பேசிய மொழி ஜெர்மன் என்ற அளவில் சரிதான். ஆனால் ஹெர் குடும்பத்தின் வேர் சுவிட்சர்லாந்தில், சூரிச் பக்கம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது, வளர்ந்தபின் தானாக விரும்பி எடுப்பதுதான் சரி, ஆயுதம் தொடக் கூடாது, சத்தியப்பிரமாணம் செய்யக் கூடாது என்பவர்கள் மென்னோனைட்டுகள். சூரிச்சும் பெர்னும் இவர்களைச் சிறையில் போட்டன, நாடு கடத்தின. முப்பது வருஷப் போர் 1648இல் முடிந்தபோது ரைன் நதிக்கரையில் பலாட்டினேட் பகுதி ஆளில்லாமல் பாழாய்க் கிடந்தது. உழுவதற்கு ஆள் வேண்டியிருந்ததால் அங்கே இவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பல கட்டுப்பாடுகளோடுதான். எத்தனை பேர் கூடித் தொழலாம் என்பதற்குக்கூட வரம்பு இருந்தது. 1710இல் ஒரு குழு கப்பலேறிப் பென்சில்வேனியா வந்து சேர்ந்தது. அந்த அக்டோபரில், பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் நில அதிகாரிகள் பெக்குவே ஓடைப் பக்கம் 10,000 ஏக்கருக்கு அனுமதி கொடுத்தார்கள். இரண்டு நாட்டில் தங்க இடமில்லாமல் அலைந்த ஒரு குடும்பம், ஒன்பதாவது வருஷம் இந்தக் கனத்தில் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறது. ‘அவசரத்தில் கட்டினதா’ என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான். அவசரமாக ஒதுங்குவதற்கு மரக்குடில் போதும். இந்த வீடு இனிமேல் எங்கும் போகப் போவதில்லை என்று முடிவெடுத்தவர்கள் கட்டியது.

இடையில் ஒரு சின்னத் திருத்தம். உங்கள் கேள்வியில் ‘ஆமிஷ் வீடு’ என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆமிஷ்காரர்கள் 1693இல் யாக்கோப் அம்மான் என்பவர் தலைமையில் இதே கூட்டத்திலிருந்து பிரிந்து போனவர்கள். பென்சில்வேனியாவுக்குப் பெருங்குழுவாக அவர்கள் வந்து இறங்கியது 1730களில். ஹெர் குடும்பம் பிரியாமல் நின்ற பக்கம்.

இன்னொன்றையும் விட்டுவிட மனமில்லை. பென் கொடுத்த 10,000 ஏக்கர் யாரும் இல்லாத காடு இல்லை. பக்கத்திலேயே கோனெஸ்டோகா ஊர் இருந்தது, சஸ்குவெஹானாக் மக்களும் அவர்களோடு சேர்ந்த மற்றவர்களும் அங்கே வாழ்ந்தார்கள். பென் 1701இல் அவர்களோடு சமாதான உடன்படிக்கை செய்திருந்தார். 1763 டிசம்பரில் பாக்ஸ்டன் பாய்ஸ் என்ற ஆயுதக் கும்பல் ஊருக்குள் புகுந்து ஆறு பேரைக் கொன்றது. மீதி 14 பேரைப் பாதுகாப்புக்காக லாங்காஸ்டர் நகரில் ஒரு காப்புக் கட்டடத்தில் வைத்தார்கள். இரண்டு வாரத்தில் அங்கேயும் வந்து குழந்தைகள் உட்பட அத்தனை பேரையும் கொன்றார்கள். ஹெர் வீட்டு வளாகத்தில் 2013இல் ஒரு நீளவீடு, அதாவது அந்த மக்களின் பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த மரப்பட்டை வீட்டின் மாதிரி, கட்டி வைத்திருக்கிறார்கள். கல்வீட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தால் அடுத்த முறை அதையும் பாருங்கள். அந்த மண்ணின் கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இப்போது அடுப்புக்கு வருகிறேன். ரைன் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கட்டிய இந்த வகை வீட்டில் வாசலைத் திறந்தால் கூடம், நடை எதுவும் கிடையாது. நேராகச் சமையலறைக்குள்தான் போவீர்கள். அது வீட்டின் ஒரு பக்கம் முழுவதையும் முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை எடுத்துக்கொள்ளும், நீளமான, ஒடுங்கிய அறை. அதன் உள்சுவரில், அதாவது வீட்டின் நடுவே, ஓர் ஆள் குனிந்து உள்ளே போகிற அளவுக்குப் பெரிய திறந்த அடுப்பு. அந்தச் சுவருக்கு அந்தப்புறம் முன்பக்கத்தில் ஒரு பெரிய அறை, ஜெர்மனில் ஷ்டூபே என்பார்கள். அதற்குப் பின்னால் படுக்க ஒரு சின்ன அறை. கீழ்த்தளம் அவ்வளவுதான். சமையலறை ஒரு பக்கமாக ஒடுங்கி இருப்பதால், அதற்குள் திறக்கிற வாசலும் ஒரு பக்கமாகத்தான் வரும். அடுப்பு நடுச்சுவரில் இருப்பதால் புகைபோக்கி கூரை நடுவில் எழும்பும். வெளியிலிருந்து பார்க்கும்போது கோணலாகத் தெரிவதெல்லாம் உள்ளே போனதும் நேராகிவிடும். இதைக் கட்டிய கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் அளவு நன்றாகவே தெரியும். தெருவிலிருந்து பார்க்கிறவருக்கு முகம் ஒத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கவலையாக இருக்கவில்லை.

இந்த அமைப்பில் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைப்பது ஷ்டூபேவைச் சூடாக்கிய முறை. சமையலறை அடுப்பின் பின்சுவரில் ஒரு சதுர ஓட்டை விடுவார்கள். அந்த ஓட்டைக்கு அந்தப்புறம், ஷ்டூபேக்குள் நீட்டிக்கொண்டு ஓர் இரும்புப் பெட்டி. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு பக்கம், முன்னால் ஒன்று என்று ஐந்து வார்ப்பிரும்புத் தகடுகள். ஆறாவது பக்கம் திறந்தபடி சுவரோடு சேர்ந்திருக்கும். சமையல் செய்கிறவர் அடுப்பிலிருந்து தணலை அந்த ஓட்டை வழியாகப் பெட்டிக்குள் தள்ளுவார். விறகு போடுவதும் சாம்பல் அள்ளுவதும் சமையலறைப் பக்கமே நடக்கும். புகையும் அதே ஓட்டை வழியாகத் திரும்பி வந்து சமையலறைப் புகைபோக்கியில் ஏறிப் போய்விடும். ஷ்டூபேவில் இருப்பவர்களுக்கு வருவது சூடு மட்டும்தான். புகை இல்லை, சாம்பல் இல்லை, பொறி இல்லை. ஒரே நெருப்பு, ஒரே புகைபோக்கி, இரண்டு அறைக்கும் வேலை நடக்கிறது. பென்சில்வேனியக் குளிர்காலத்தில் நூல் நூற்பது, சாப்பிடுவது, வேதம் வாசிப்பது, முதியவர்களும் குழந்தைகளும் முடங்கிக் கிடப்பது எல்லாம் அந்த அறையில்தான். சபை கூடியதும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும், வீட்டில் அத்தனை பேர் சூட்டோடு உட்கார வேறு அறையே கிடையாது.

அதே காலத்தில் பிலடெல்பியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் வீட்டின் இரண்டு ஓரச் சுவரிலும் திறந்த கணப்பு வைத்துக்கொண்டு குளிர் காய்ந்தார்கள். சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும், மீதியில் ஒரு பங்கு வெளிச்சுவர் வழியாகப் போகும். பெஞ்சமின் பிராங்ளின் 1744இல் தன்னுடைய புதிய கணப்பை விளக்கி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் ஜெர்மானியர்களின் இந்த ஐந்து தகட்டு அடுப்பையும் எடுத்து அலசுகிறார். அறை முழுவதும் நன்றாகச் சூடாகிறது என்பதை ஒப்புக்கொள்கிறார். நெருப்பைக் கண்ணால் பார்க்க முடிவதில்லை, அறைக்குள் காற்று போதுமான அளவு மாறுவதில்லை என்பதுதான் அவர் சொல்லும் குறை. காற்றைப் பற்றி அவர் சொன்னது நியாயம், விறகு சமையலறைக் காற்றில் எரிவதால் ஷ்டூபேவின் காற்று இழுபட்டுப் போகாது. நெருப்பைப் பார்ப்பது குறித்து அவரோடு எனக்கு உடன்பாடில்லை. குளிரில் நடுங்குகிறவர்களுக்குச் சூடுதான் முக்கியம்.

இங்கே சந்தேகமான ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பென்சில்வேனியாவில் இந்த அடுப்புத் தகடுகளை வார்த்த உலைகள் சுறுசுறுப்பானது 1720களின் பிற்பகுதியிலிருந்து. அதற்குப் பிறகு வந்த தகடுகள் அருமையானவை. காயீன் ஆபேலைக் கொல்வது, ஆதாம் ஏவாள் என்று வேதாகமக் காட்சிகளும் கீழே ஜெர்மன் வாசகமும் வைத்து வார்த்திருப்பார்கள். அருங்காட்சியகங்களில் நிறைய இருக்கின்றன. ஆனால் ஹெர் வீடு 1719. உள்ளூர்த் தகடு அப்போது கிடைத்திருக்க வாய்ப்பு குறைவு. முதல் சில வருஷம் மண்ணாலோ செங்கல்லாலோ கட்டிய அடுப்பு அந்த ஓட்டைக்குப் பின்னால் இருந்திருக்கலாம், அல்லது கடல் கடந்து வந்த தகடாக இருந்திருக்கலாம். அதனால் இந்த வகை வீடு எதிலாவது ஓர் இரும்பு அடுப்பைப் பார்த்தால், ‘கட்டின நாளிலிருந்து இது இங்கே இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டை இருந்த இடத்தைத்தான் நம்பலாம். அதில் பொருந்திய அடுப்பு மாறிக்கொண்டே இருந்திருக்கும்.

சூட்டைப் பிடித்து வைக்கிற அக்கறை வீடு முழுக்கத் தெரியும். ஜன்னல் சிறியதாக இருப்பது கண்ணாடி விலையால் மட்டும் இல்லை, ஒவ்வொரு திறப்பும் குளிர் நுழையும் வழி. உள்ளே எந்த அறைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அந்த இடத்தில் ஜன்னல் வரும். வெளியே வரிசையாக அமைகிறதா என்று பார்ப்பதில்லை. இந்த வகை வீடுகளில் மச்சைப் பிரித்துப் பழுதுபார்க்கும்போது உத்தரங்களுக்கு நடுவே ஒரு விஷயம் தென்படும். பிளந்த ஓக் குச்சிகளில் வைக்கோலும் களிமண்ணும் சேர்த்துச் சுற்றி, அவற்றை நெருக்கமாகச் செருகி, மேலும் கீழும் பூசியிருப்பார்கள். குளிர் மேலிருந்து இறங்காமலும், கீழே பற்றிய தீ சட்டென்று பரணுக்குத் தாவாமலும் தடுக்கிற அடைப்பு. ஒரு முறை அப்படி ஒரு குச்சியை உருவி எடுத்தபோது, களிமண்ணில் பிசைந்தவரின் விரல் தடம் அப்படியே பதிந்திருந்தது. மேலே செங்குத்தான கூரைக்குள் இரண்டு அடுக்குப் பரண். தானியமும், அடுத்த அறுவடை வரை காக்க வேண்டிய சாமானும் அங்கே. கீழே நிலவறையில் காய், கிழங்கு, பால், பழச்சாறு. பரண், குடியிருப்பு, நிலவறை மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய ஒரு பண்ணைக் களஞ்சியம் என்று இதைச் சொன்னால் தவறில்லை.

சரி, இந்த அமைப்பு எப்போது கலைந்தது? 1750களிலிருந்து பணம் சேர்ந்த ஜெர்மானியக் குடும்பங்கள் ஆங்கிலேய முறைக்கு மாற ஆரம்பித்தன. நடுவில் வாசல், இரண்டு பக்கமும் கணக்காக ஜன்னல், உள்ளே நடை, ஓரச் சுவர்களில் புகைபோக்கி. ஆங்கிலேயரைப் பார்த்து ஆசைப்பட்டார்கள் என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. 1760களில் பத்துத் தகட்டு அடுப்பு வந்தது. அதற்குத் தனிக்குழாய் உண்டு, எந்த அறையிலும் நிறுத்தலாம், உள்ளே ஒரு தட்டில் சமைக்கவும் சுடவும் செய்யலாம். அது வந்ததும் நடுவில் நின்ற பெரிய கல் புகைபோக்கி வீண் சுமையாகிவிட்டது. வீட்டில் இடத்தைத்தான் அடைத்துக்கொண்டிருந்தது. இடித்துத் தள்ளினால் ஓர் அறை அளவுக்கு இடம் கிடைக்கும். எத்தனையோ பழைய வீடுகளில் அப்படி இடித்துவிட்டார்கள். நடுப்புகைபோக்கியோடு நிற்கிற வீடுகள் இன்று அரிதாக இருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஹெர் வீட்டில் 1860கள் வரை ஆள் குடியிருந்தது. பிறகு பக்கத்திலேயே வேறு வீடுகள் வந்துவிட்டன, இது பண்ணைக் கொட்டகையாகவும் சாமான் போடும் இடமாகவும் ஆனது. அந்த அவமரியாதைதான் இதைக் காப்பாற்றியது என்பேன். வசதியான குடும்பம் தொடர்ந்து வாழ்ந்திருந்தால் குழாய், மின்சாரம், பெரிய ஜன்னல், புது மாடி என்று ஒவ்வொரு தலைமுறையும் எதையாவது குடைந்திருக்கும். ஹான்ஸ் ஹெரின் வழியில் வந்தவர்தான் ஓவியர் ஆண்ட்ரூ வைத். அவர் இந்த வீட்டை வரைந்தது பழுதுபார்ப்பதற்கு முன்னால். அந்தத் தோற்றத்தையும் நீங்கள் பார்த்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியும். 1970களின் தொடக்கத்தில், வீட்டை 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இருந்த தோற்றத்துக்குத் திருப்பினார்கள். அதற்குப் பிறகு அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

திருப்பினார்கள் என்றால் எதை வைத்து? இந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், இது என் அன்றாடம். நடுவில் புகைபோக்கி இருந்து பிறகு இடித்திருந்தால் அதன் தடம் போகாது. நிலவறையில் அதன் அடித்தளக் கல் இருக்கும். மச்சில் உத்தரங்கள் அந்த இடத்தில் நீளமாக ஓடாமல், புகைபோக்கிக்கு இடம் விட்டுக் குறுக்குக் கட்டையில் நின்றிருக்கும். அந்த இடத்தைப் பின்னால் அடைத்த பலகை வேறு மரமாக, வேறு ஆணியோடு இருக்கும். பரணில் கைமரங்களில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கரி அதிகமாகப் படிந்திருக்கும். ஜன்னலும் அப்படித்தான். கல் சுவரில் ஒரு திறப்பைப் பெரிதாக்கினால், உடைத்த விளிம்புக்கும் முதலில் கட்டிய விளிம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் மறைக்கவே முடியாது. திறப்பை அடைத்தால், அடைத்த இடத்தில் கல்லின் வரிசை பக்கத்துச் சுவரோடு பின்னிப் போகாது. ஆணியை எடுத்துக்கொண்டால், கொல்லர் ஒவ்வொன்றாக அடித்தது என்றால் 18ஆம் நூற்றாண்டு. தகட்டிலிருந்து இயந்திரம் வெட்டியது 1790களுக்குப் பிந்தையது. கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசி. பலகையில் அறுப்புத் தடம் நேர்கோடாக இருந்தால் பழைய ரம்பம், வில்லாக வளைந்திருந்தால் வட்ட ரம்பம், அது 19ஆம் நூற்றாண்டு. ஒரு சான்று தனியாக வந்தால் ஏமாற்றலாம். நாலைந்தும் ஒரே காலத்தைக் காட்டினால் கையெழுத்துப் போடலாம்.

இதை வைத்து உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சுவர்களின் பெரும்பகுதி, வாசல் மேற்கல், அறைகளின் அமைப்பு ஆகியவற்றை 1719இன் வீடு என்றே நினைத்துக்கொண்டு தொடலாம். கூரையின் மரச்சில்லுகள் நிச்சயம் அப்போதையவை இல்லை. எந்த மரச்சில்லும் வெயிலிலும் பனியிலும் 300 வருஷம் தாங்காது, சில பத்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். ஜன்னல் சட்டம், கதவுப் பலகை, உள்பூச்சு, தளவாடம் போன்றவை பெரும்பாலும் அந்தக் காலத்து முறைப்படி புதிதாகச் செய்தவை, அல்லது வேறு இடத்திலிருந்து சேர்த்தவை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். உள்ளே போனால் வழிகாட்டியிடம் ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்டி ‘இது சுவரில் கிடைத்த சான்றா, மற்ற வீடுகளைப் பார்த்துச் செய்ததா?’ என்று கேளுங்கள். நல்ல வழிகாட்டிகள் அந்தக் கேள்வியை வரவேற்பார்கள்.

பழுதுபார்த்த முடிவு சரியா என்றும் மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். என் துறையில் இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு வீட்டை ஒரே காலத்துக்குத் திருப்பினால் நடுவில் வாழ்ந்த தலைமுறைகளின் தடம் போய்விடும். இன்று நான் வேலை செய்யும் இடங்களில் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை, பின்னால் வந்த மாற்றங்களையும் வரலாறாகவே வைத்துக்கொள்கிறோம். ஆனால் இந்த வீட்டைப் பொறுத்தவரை அவர்கள் எடுத்த முடிவின் பக்கம்தான் நான் நிற்பேன். இந்த அமைப்பு முழுதாக, உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி, நாட்டில் மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது. அடுப்பு இல்லாமல், ஓட்டை இல்லாமல், வெறும் சுவரும் ஜன்னலுமாக இதை வைத்திருந்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இடிந்த, மாறிய நிலையை முழுமையாக அளந்து, படமெடுத்து வைத்துவிட்டுச் செய்தால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

பழுதுபார்க்கிற ஆசை உங்களுக்கும் உண்டு என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள், 1800களின் ஒரு கல்வீட்டை வாங்க யோசிப்பதாக. அதற்காக ஒன்றே ஒன்று. மணற்கல் சுவரில் இணைப்பு உதிர்கிறது என்று சிமெண்ட் வைத்து அடைக்க விடாதீர்கள். பழைய சுவர் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த சாந்தில் நிற்கிறது. ஈரம் அந்தச் சாந்து வழியாக வெளியே வந்து காயும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டால் ஈரம் கல்லுக்குள் நின்று, குளிர்காலத்தில் உறைந்து, கல்லின் முகத்தையே உரித்துத் தள்ளும். 200 வருஷம் தாங்கிய சுவர் 20 வருஷத்தில் பொரிந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புச் சாந்து தெரிந்த கொத்தனார் கிடைக்கும் வரை காத்திருங்கள், அதுவரை தண்ணீர் இறங்காமல் கூரையை மட்டும் சரிபார்த்தால் போதும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு இடம் கேட்டிருந்தீர்கள். நியூமன்ஸ்டவுன் பக்கம் 1745இல் கட்டிய ஹைன்ரிக் ஜெல்லர் வீடு இருக்கிறது, ஃபோர்ட் ஜெல்லர் என்பார்கள். இதே நடு அடுப்பு அமைப்பு, அடுத்த தலைமுறைக் கைவண்ணம். எஃப்ராட்டா மடம் 1732இல் தொடங்கியது. அங்கே 1740களின் பெரிய கட்டடங்கள் செங்குத்துக் கூரையோடு நிற்கின்றன, ஆனால் அவை துறவிகளுக்குக் கட்டியவை, குடும்பத்துக்கு இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் போக முடியாவிட்டால் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மில்பாக் ஊரில் 1752இல் ஓர் ஆலைக்காரர் கட்டிய வீட்டின் உட்பகுதியை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஹெர் வீட்டுக்கும் அதற்கும் இடையே 33 வருஷம். மரவேலையைப் பாருங்கள், முக்கியமாக மாடிப்படியையும் கதவையும். ஒரு தலைமுறைக்குள் இவர்கள் எவ்வளவு செழித்துவிட்டார்கள் என்று அதிலேயே தெரியும்.